ஸ்ட்ரெஸ் என்றால் மன அழுத்தமா?

கல்லூரி மாணவர்களுக்கென்று அச்சிட்ட மனநலக் கையேடு ஒன்று கைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்தில், "ஓரளவு மன அழுத்தம் நல்லது, அது படிக்கத் தூண்டும்" என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், "மன அழுத்தம் ஒரு நோய். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்" என்று இருந்தது. முதல் இடத்தில் எழுதியவர் மனத்தில் இருந்தது ஸ்ட்ரெஸ், அடுத்த இடத்தில் டிப்ரஷன் என்ற மனச்சோர்வு நோய். அவருக்குத் தெரியும். படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நல்லது என்று சொன்ன அதே பொருளை மூன்று பக்கம் தள்ளி நோய் என்கிறது கையேடு. இந்தக் குழப்பத்தைச் செய்தித்தாளிலும் காணொளியிலும் மேடைப்பேச்சிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'இறுக்கிக் கட்டு' என்று பொருள்படும் 'ஸ்ட்ரிங்கெரே' என்ற லத்தீன் வினைதான் வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு இடர், நெருக்கடி என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் பொறியியலாளர்கள் அதைப் பாலத்துக்கும் இரும்புக் கம்பிக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1936-இல் மான்ட்ரியாலில் இருந்த மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், நஞ்சு என எது தாக்கினாலும் எலிகளின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதை 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் எழுதினார். முதலில் அலறி எழுவது, பிறகு தாக்குப்பிடிப்பது, கடைசியில் ஓய்ந்துபோவது என்று மூன்று கட்டங்கள். இதற்கு ஸ்ட்ரெஸ் என்ற பெயரை அவர் நிலைநிறுத்தியது பின்னால்தான். தாக்கும் காரணத்துக்கு 'ஸ்ட்ரெஸர்' என்று தனிச்சொல்லும் செய்தார். காரணம் வேறு, அதனால் உடலுக்குள் நடப்பது வேறு என்ற இந்தப் பிரிவினை முக்கியம்.

டிப்ரஷனின் வேர் 'தேப்ரிமெரே', அதாவது கீழே அழுத்து. ஆக, வேரைப் பார்த்து மொழிபெயர்ப்பதென்றால் 'அழுத்தம்' போய்ச் சேர வேண்டிய இடம் டிப்ரஷன்தான். ஸ்ட்ரெஸுக்குச் சேர வேண்டியது இறுக்கமும் நெருக்கமும். நாம் அழுத்தத்தைத் தூக்கி இரண்டின் தலையிலும் வைத்துவிட்டோம்.

பள்ளியில் தமிழ்வழியில் இயற்பியல் படித்தவர்களுக்கு இது இன்னும் உறுத்த வேண்டும். அங்கே அழுத்தம் என்றால் பிரஷர். ஸ்ட்ரெஸுக்குத் 'தகைவு' என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. அதன் விளைவாகப் பொருளின் அளவோ வடிவமோ மாறுவது 'திரிபு'. தகைவுக்கும் அழுத்தத்துக்கும் அலகு பாஸ்கல்தான். அலகே ஒன்றாக இருந்தும் கருத்து வேறு என்பதால் இரண்டு சொற்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பிக்குக் காட்டிய அந்த அக்கறையை மாணவரின் மனத்துக்கு நாம் காட்டவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம், 'நெஞ்சழுத்தம்' என்ற சொல் தமிழில் வெகுகாலமாகப் புழங்குகிறது. "என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!" என்று கேட்டால், வாடி நிற்கிறவரையா கேட்கிறோம்? துணிச்சலும் பிடிவாதமும் காட்டுகிறவரை. 'அழுத்தக்காரர்' என்றால் எதையும் வெளியே சொல்லாதவர். மனத்தோடு அழுத்தம் சேரும்போது தமிழ்க் காது முதலில் கேட்பது கல்லான உறுதியைத்தான். மொழிபெயர்த்தவர்கள் 'இரத்த அழுத்தம்' என்ற அச்சை எடுத்து, இரத்தம் இருந்த இடத்தில் மனத்தை வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"சொல்லில் என்ன இருக்கிறது, புரிந்தால் சரி" என்பவர்கள் உண்டு. புரியவில்லை என்பதுதான் என் வாதமே. பருவத் தேர்வு நெருங்குகிறது. ஒரு மாணவி மூன்று வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல், விரும்பிக் கேட்ட பாட்டைக்கூடக் கேட்க மனமில்லாமல் படுத்தே கிடக்கிறாள். "மன அழுத்தமா இருக்கு" என்கிறாள். "எல்லாருக்கும் அது இருக்கு, பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்" என்று பதில் வருகிறது. சொன்னவர் கெட்டவரில்லை. அவர் காதில் விழுந்தது ஸ்ட்ரெஸ். அவள் சொன்னது நாளின் பெரும்பகுதி, அநேகமாக ஒவ்வொரு நாளும், இரண்டு வாரத்துக்கு மேலும் தொடரும் நோயை. அது தேர்வோடு போய்விடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மறுபக்கம், நாளைக்கு வாய்மொழித் தேர்வு என்பதால் வயிறு கலங்கும் மாணவர், தேடிப்பார்த்து 'மன அழுத்தம் ஒரு நோய்' என்று படித்து, தனக்கு என்னவோ வந்துவிட்டதென்று இன்னும் மிரளுகிறார். ஒரே சொல் ஒருவரைத் தாமதப்படுத்துகிறது, இன்னொருவரைப் பயமுறுத்துகிறது.

இதில் 'மன' என்ற ஒட்டும் தொல்லைதான். ஸ்ட்ரெஸ் மனத்தோடு நிற்பதில்லை. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும்போது இதயம் வேகமெடுக்கிறது, தோளும் கழுத்தும் விறைக்கின்றன, செரிமானம் கெடுகிறது. கல்லூரி நாட்களில் அது எப்படித் தெரியும்? தூக்கம் பிந்துகிறது, அதனால் காலை வகுப்பு போகிறது. சாப்பாடு தவறுகிறது, இல்லையென்றால் பசியில்லாமலே தின்னத் தோன்றுகிறது. அறைத்தோழரிடம் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுகிறார்கள். ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறுவதில்லை. நன்றாகப் படித்ததுகூடத் தேர்வறையில் நினைவுக்கு வர மறுக்கிறது. கார்ட்டிசால் ஏறியிருக்கும்போது, படித்ததை நினைவிலிருந்து எடுப்பது கடினமாகிறது என்பது ஆய்வுகளில் கண்டதுதான். சோம்பேறித்தனம் என்று அவர்களே தங்களைத் திட்டிக்கொள்வதில் பாதி இப்படி உடம்பு செய்கிற வேலை. இத்தனையையும் மனக்கணக்கில் மட்டும் எழுதினால், தலைவலிக்கும் வயிற்றுக்கும் தனித்தனியே மாத்திரை தேடத்தான் போவார்கள்.

சரி, மாற்று என்ன? 'மன உளைச்சல்' என்கிறார்கள். உளைதல் குடைந்து வலிப்பது. கால் உளைகிறது என்பதைப் போல. நுகர்வோர் வழக்குகளில் "மன உளைச்சலுக்கு இழப்பீடு" என்று அது வேதனைக்கு உறுதிப்பட்டுவிட்டது. அவமானமோ துரோகமோ உளைச்சல் தரும். நாளை மாலைக்குள் முடிக்க வேண்டிய செய்முறை ஏட்டுக்கு அது பெரிய சொல். 'பதற்றம்' ஆங்ஸைட்டிக்கு வேண்டும், அதைத் தொடக்கூடாது. 'மன இறுக்கம்' வேருக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அதை ஆட்டிசத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குழப்பத்திலிருந்து தப்பி இன்னொன்றில் விழ வேண்டாம். 'தகைவு' எனக்குப் பிடித்த சொல். தடுத்தல், கட்டுதல் என்ற பழம்பொருளும் அதற்கு இருக்கிறது. என்றாலும் விடுதி அறையில் யாரும் "தகைவா இருக்கு" என்று சொல்லப்போவதில்லை. வாயில் நுழையாத தூய்மைக்காக நான் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

தமிழர்கள் இதை எப்படிப் பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்தால் விடை கிடைக்கிறது. வேலை கழுத்தை நெரிக்கிறது. கெடு நெருக்குகிறது. மூச்சு முட்டுகிறது. எல்லாமே இடம் குறுகி, இறுகிப்போகிற பேச்சு. லத்தீன்காரர் கண்ட அதே இறுக்கத்தை நாமும் கண்டிருக்கிறோம், யாரும் மொழிபெயர்த்துத் தராமலே. ஆகவே வெளியிலிருந்து வருவதை 'நெருக்கடி' என்போம்: தேர்வு நெருக்கடி, கட்டண நெருக்கடி, வீட்டு நெருக்கடி. அது உடலிலும் உள்ளத்திலும் செய்வதை 'இறுக்கம்' என்போம். 'மன' என்ற ஒட்டு வேண்டாம். ஸ்ட்ரெஸரும் ஸ்ட்ரெஸும் இப்படிப் பிரிந்துவிடும். டிப்ரஷனுக்கு 'மனச்சோர்வு' இருக்கிறது. சோர்வு கொஞ்சம் மெலிந்த சொல்தான், ஒரு நாள் அலுப்பைப் போலவும் ஒலிக்கும். நோயைக் குறிக்கும் இடத்தில் 'மனச்சோர்வு நோய்' என்று முழுதாக எழுதினால் அந்தக் குறை தீரும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு மனக்குறையும் உண்டு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். "மாணவர்கள் மன அழுத்தத்தை அனுபவிக்கின்றனர்" என்று எழுதுகிறார்கள். "தேர்வு நெருக்குவதால் மாணவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது" என்று எழுதினால் யாருக்கு, எதனால், என்ன ஆகிறது என்பது ஒரே வரியில் வந்துவிடும். 'மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு' என்று பெயர் வைப்பதைவிட 'தேர்வு நெருக்கடியைச் சமாளிப்பது எப்படி' என்று வைக்கலாம். மேலாண்மை என்ற சொல் அங்கே எதையும் கூட்டவில்லை. மனநல ஆலோசகரிடம் போகிறவர் "ஸ்ட்ரெஸ்" என்றே சொல்லட்டும், தவறில்லை. அச்சில் போடுகிறவர்கள் மட்டும், 'மன அழுத்தம்' என்று எழுதுவதற்கு முன், தாங்கள் குறிப்பது நெருக்கடியையா, இறுக்கத்தையா, மனச்சோர்வு நோயையா என்று தீர்மானித்துவிட்டு எழுத வேண்டும்.