பியோனி: இந்தப் பூவுக்குத் தமிழில் என்ன பெயர்?

யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா முதன்முறை ரொறன்ரோ வந்தது ஒரு ஜூன் மாதம். வாசலில் பியோனி பூத்திருந்தது. குனிந்து ஒரு பூவை இரண்டு கையாலும் ஏந்தி மணந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குத் தமிழில என்ன பேர், பிள்ளை?" எனக்குத் தெரியவில்லை. "பாக்க அடுக்குச் செவ்வரத்தை மாதிரிக் கிடக்கு. மணம் எண்டால் ரோசா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் விடவில்லை.

தமிழில் இதற்குப் பழைய பெயர் கிடையாது. இருக்கவும் வழியில்லை. பியோனியின் மொட்டு உருவாக, உறைபனிக்கு அருகான குளிரில் அது சில வாரங்கள் தூங்கி எழ வேண்டும். அந்தக் குளிர் மதுரையிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய கபிலர் கண்ணில் இது பட்டிருக்க முடியாது. ஆகவே தாமரை, ரோசா, செவ்வந்தி என்று தெரிந்த பூவின் பெயரை இதற்குச் சூட்டுவது பிழை. அந்தப் பூக்களுக்கு அவற்றின் பெயர் சொந்தம்.

சரி, பியோனி என்ற சொல் எங்கே பிறந்தது? கிரேக்கத்தில் அது பயோனியா. பயோன் என்ற தெய்வ மருத்துவனின் பெயரில் இருந்து வந்தது. ஹோமரின் இலியட் காவியத்தில், ஐந்தாம் பகுதியின் முடிவில், போர்க்கடவுள் ஏரிஸ் காயம்பட்டு ஓடிவருகிறான். பயோன் மருந்து இடுகிறான். அத்திச்சாறு பட்ட பால் உடனே உறைவதுபோலக் காயம் ஆறிவிட்டது என்கிறார் ஹோமர். சொல் அதைவிடவும் பழையது. கிரீட் தீவின் நோசோஸில் கிடைத்த, 3300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட களிமண் பலகை ஒன்றில் 'பயவோன்' என்ற தெய்வப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் பயோன் என்பது அப்பலோவின் பட்டப்பெயர் ஆயிற்று.

பூவின் அழகைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது. வேரின் குணத்தைப் பார்த்து வைத்தது. பழைய கிரேக்கருக்கும் ரோமருக்கும் பியோனி ஒரு மூலிகை. வலிப்பு நோய்க்கு அதன் வேரைக் குழந்தையின் கழுத்தில் கட்டிவிடும் வழக்கத்தை மருத்துவர் கேலன் குறித்திருக்கிறார். செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753இல் ஐரோப்பியப் பியோனிக்குப் 'பயோனியா அஃபிசினாலிஸ்' என்று பெயரிட்டார். 'அஃபிசினாலிஸ்' என்றால் மருந்துக்கடைச் சரக்கு என்று பொருள். அரபு வழியாக யுனானி மருத்துவத்துக்கு வந்தபோது அதே வேர் 'ஊத் சலீப்' ஆனது, அதாவது சிலுவைக் கட்டை. வேரைக் குறுக்கே வெட்டினால் சிலுவை போன்ற கோடு தெரியும் என்பதால் அந்தப் பெயர்.

சீனத்தில் கதையே வேறு. அங்கே இந்தப் பூவுக்கு ஒரு பெயர் போதவில்லை. தண்டு கட்டையாகும் வகை 'முதான்'. குளிர்காலத்தில் தரைக்கு மேலே எல்லாம் பட்டுப்போய், வசந்தத்தில் வேரில் இருந்து மறுபடி கிளம்பும் வகை 'ஷாவ்யாவ்'. ஷாவ்யாவ்தான் இலக்கியத்தில் மூத்தது. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில், ஆற்றங்கரையில் சந்தித்த ஆணும் பெண்ணும் பிரியும்போது அதைக் கொடுத்துப் பிரிகிறார்கள். 'முதான்' என்பதில் முன்பாதி ஆண், பின்பாதி சிவப்பு. விதை விட்டாலும் வேரில் இருந்தே முளைப்பதால் 'ஆண்', சிவப்பே சிறந்தது என்பதால் 'சிவப்பு' என்று 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் லி ஷிசென் விளக்கம் எழுதினார். ஜப்பானியர் முதானை எடுத்துப் 'போத்தான்' ஆக்கிக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு ஒயாங் ஷியூ எழுதியது. 11ஆம் நூற்றாண்டில் லுவோயாங் நகரத்துப் பியோனிகளைப் பற்றித் தனி நூலே செய்தவர் அவர். அந்த ஊரார் மற்றப் பூக்களை எல்லாம் பெயர் சொல்லி அழைப்பார்களாம். பியோனியை மட்டும் வெறுமனே 'பூ' என்பார்களாம். பூ என்றாலே அதுதான்! நம் வீடுகளில் "பூ வைச்சுக்கொண்டு போ" என்றால் அது மல்லிகை என்று கேட்காமலே தெரியுமே, அதுபோல. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் பலர் முதானைத் தெரியாமலே பார்த்திருப்பார்கள். அங்குள்ள சீன வழிவந்த பெரானாக்கான் மக்களின் பீங்கான் தட்டுகளில் பீனிக்ஸ் பறவைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பூ அதுதான்.

நமக்குக் கிட்டிய பியோனியும் ஒன்று உண்டு. காஷ்மீர் முதல் குமாவோன் வரை இமயமலைச் சரிவுக் காடுகளில் தானாக வளரும் வெள்ளை ஒற்றைப் பூ, நடுவில் பொன்னிறத் தாதுக் கற்றை. காஷ்மீர்ப் பக்கம் 'மாமேக்' என்பார்கள். அறிவியல் பெயர் 'பயோனியா எமோடி'. 'எமோடி' என்பது பழைய கிரேக்கர் இமயத்தைச் சொன்ன 'எமோடஸ்'. நம் இமயத்துக்கும் அதற்கும் ஒரே வேர்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ் இலக்கணம் இந்தச் சிக்கலுக்கு என்றோ வழி சொல்லிவிட்டது. பிற நிலத்துச் சொல் தமிழுக்குள் வந்து வழங்கினால் அது திசைச்சொல். கொய்யாவும் அன்னாசியும் போர்த்துக்கேயர் கப்பலில் வந்து இறங்கித் தமிழாகிவிட்டன. அந்த வரிசையில் 'பியோனி' இருக்கட்டும். மூன்று எழுத்தும் தமிழ் எழுத்து, வாயில் இடறுவதில்லை. 'மருத்துவன் பூ' என்று மொழிபெயர்த்தால் ஒருவருக்கும் புரியாது.

ஆனால் வகைகளுக்குத் தமிழ் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், ஏனென்றால் அங்கே ஆங்கிலமே தவறுகிறது. முதான் வகையை ஆங்கிலத்தில் மரம் என்பார்கள். அது மரம் இல்லை, ஆள் உயரம் வரக்கூடிய செடி. புல், பூண்டு, செடி, கொடி, மரம் என்று பிரித்துப் பேசுகிற மொழி நம்முடையது. முதானைச் 'செடிப் பியோனி' என்றால் சரியாகப் பொருந்தும். ஷாவ்யாவைப் 'பூண்டுப் பியோனி' என்பதுதான் முறை, ஆனால் உள்ளிப்பூண்டு நினைவுக்கு வந்துவிடும். ஆகவே 'கிழங்குப் பியோனி' என்கிறேன். அதை நடுவதே கிழங்கு போன்ற வேர்த்துண்டாகத்தான். 1948இல் ஜப்பானியர் தோயிச்சி இட்டோ இரண்டையும் மகரந்தம் சேர்த்துக் கலந்து உண்டாக்கிய வகை 'இட்டோ பியோனி'. ஒற்றை, அடுக்கு என்ற சொற்கள் அம்மாவின் வாயிலேயே இருக்கின்றன.

வேர்த்துண்டில் செக்கச்செவேல் என்று நீட்டிக்கொண்டிருக்கும் முளைக்கும் நம்மிடம் சொல் உண்டு. உருளைக்கிழங்கில் கண் என்போம். தமிழகக் கரும்பு விவசாயிகள் பரு என்பார்கள், 'இருபருக் கரணை' என்று எண்ணி நடுவார்கள். பியோனிக்கு மூன்று முதல் ஐந்து பரு உள்ள துண்டு நல்லது. நடும் காலம் செப்டெம்பர், அக்டோபர்.

இந்தப் பரு விஷயத்தில்தான் நான் கோட்டை விட்டேன். இராசவள்ளிக் கிழங்கு நடுகிற பழக்கத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டேன். மூன்று வசந்தம் இலை மட்டும் தளதளவென்று வந்தது, மொட்டே இல்லை. நாலாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தோண்டி, பரு மண்மட்டத்துக்குக் கீழே இரண்டு விரலிடைக்கு மேல் போகாதபடி உயர்த்தி நட்டேன். அடுத்த ஜூனில் இரண்டே பூ. அதற்கடுத்த ஆண்டு பதினொன்று. மேல்மண் கூடினால் பருவுக்குக் குளிர் போதாமல் போகும், மொட்டு வைக்காது. இலைச்சருகை அதன்மேல் குவிப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும். செடிப் பியோனிக்கு மட்டும் இது பொருந்தாது. அது பெரும்பாலும் ஒட்டுக்கட்டி வருவதால், ஒட்டு இருக்கும் இடம் அரைச் சாண் அளவாவது மண்ணுக்குள் போக வேண்டும்.

மற்றபடி இது அதிகம் கேட்காத பூ. நாளுக்கு ஆறு மணிநேர வெயில், தண்ணீர் தேங்காத நிலம் போதும். இடம் மாற்றாமல் விட்டால் ஐம்பது ஆண்டுக்கு மேலும் பூக்கும். மொட்டில் எறும்பு மொய்த்தால் மருந்து அடிக்க வேண்டாம். மொட்டின் புறவிதழில் ஊறும் தேனுக்கு அது வருகிறது, பூவைக் கடிப்பதில்லை. எறும்பு இல்லாவிட்டால் மொட்டு விரியாது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. அடுக்குப் பூ மழையில் நனைந்தால் கனம் தாங்காமல் தலை மண்ணில் படும், முன்கூட்டியே வளையம் போட்டுத் தாங்கிவிடுங்கள். கிழங்குப் பியோனியின் தண்டைப் பனி விழுந்தபின் அடியோடு வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது. மொட்டைக் கறுக்கவைக்கும் பூஞ்சணம் அந்தச் சருகில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒவ்வொரு ஜூனிலும் தொலைபேசியில் கேட்பார்: "உங்கட பியோனி பூத்திட்டுதோ?" தமிழ்ப் பெயரை அவர் பிறகு கேட்கவே இல்லை.