பாட்டுப் பெட்டி வாங்கும்முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் பதினெட்டு வருஷமாக ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துணிப்பைக்குள் பத்திரமாக ஒரு ஸ்பீக்கர் டாக் (போனையோ பிளேயரையோ மேலே உட்கார வைத்துப் பாட்டுக் கேட்கும் பெட்டி), ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். "தம்பி, பேத்தியோட போன் இதுல உக்காரவே மாட்டேங்குது, இந்தப் பின்னை மட்டும் மாத்திக் குடுப்பா" என்றார்.

மேலே இருந்தது பழைய 30-பின் கனெக்டர். ஆப்பிள் நிறுவனம் 2003-இல் தன் ஐபாட் பாட்டுப் பிளேயருக்குக் கொண்டுவந்தது, 2012-இல் லைட்னிங் என்ற சின்ன முனைக்கு மாறியது, 2023-இல் ஐபோன் 15-உடன் டைப்-சிக்கு வந்துவிட்டது. ஐபாடே 2022-இல் நின்றுபோனது. அதனால் அந்தப் பின்னை மாற்றி ஒன்றும் ஆகாது. ஆனால் பெட்டியைத் திருப்பினால் பின்பக்கம் ஆக்ஸ் என்று எழுதிய 3.5 எம்.எம். ஓட்டை, அதாவது வெளியிலிருந்து ஒயர் வழியாகப் பாட்டைக் கொடுக்கும் ஓட்டை இருந்தது. ஐயா, இது போதும் என்று சொல்லி ஒரு ஒயரைச் சொருகினேன், பாட்டு வந்தது. பெட்டி நல்ல பெட்டி, கனமான மரப்பலகை, இன்னும் பத்து வருஷம் பாடும்.

அந்த ஓட்டை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் எண்ணூறு ரூபாயும் போயிருக்கும். இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: கையில் இரண்டாயிரம், மூவாயிரம்தான் இருக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது எதை எதில் சொருக முடியும் என்பதை. ஸ்பீக்கர் கோன் அவ்வளவு சீக்கிரம் கெடாது. என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் சார்ஜிங் ஓட்டை ஆடிப்போனது, பேட்டரி செத்தது, இல்லையென்றால் கனெக்டர் வழக்கொழிந்தது. அதனால் பிளேயரும் ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி இருக்கும் செட்டை வாங்காதீர்கள், தனித்தனியாக வாங்கி ஒரு சாதாரண ஒயரால் இணைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். ஆக்ஸ் ஓட்டை இல்லாமல் புளூடூத் மட்டும் உள்ள ஸ்பீக்கரையும் நான் பரிந்துரைப்பதில்லை.

டைப்-சி ஓட்டை இருந்தாலும் ஒரு சங்கதி இருக்கிறது. நிறைய மலிவு ஸ்பீக்கர்களில் டைப்-சி ஓட்டையை வைத்துவிட்டு உள்ளே போட வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (சார்ஜருக்குக் கரண்ட் கேட்டுச் சைகை காட்டும் சின்ன மின்தடை) இரண்டையும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் ஒயரில் சார்ஜரிலிருந்து கரண்டே வராது. வாங்கியவர் ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று பயந்து ஓடி வருவார், சார்ஜர் பக்கம் பழைய அகலமான யு.எஸ்.பி. முனை உள்ள ஒயரைப் போட்டால் சார்ஜ் ஏறும். கடையிலேயே இரண்டு விதமாகவும் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வாட்ஸ். அட்டைப் பெட்டியில் ஆயிரம் வாட்ஸ், பி.எம்.பி.ஓ. (ஒரு கணத்து உச்சம் என்று ஊதிச் சொல்லும் கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி வந்து ஏமாந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கரண்டில் ஓடும் பெட்டி என்றால் கூட வரும் அடாப்டரைப் படியுங்கள்: 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 18 வாட்ஸ். உள்ளே அவ்வளவுதான் போகிறது, அதற்கு மேல் தொடர்ந்து வெளியே வர வழியில்லை. பேட்டரியில் ஓடுவது என்றால் இன்னொரு கணக்கு: 1200 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி), 3.7 வோல்ட் என்றால் மொத்தச் சரக்கே சுமார் நாலரை வாட்-மணி. அது 40 வாட்ஸில் பத்து மணி நேரம் பாடும் என்று எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்து நடக்காது, பத்து மணி நேரம் ஓட வேண்டுமென்றால் சராசரியாக அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவாக வேண்டும். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரும் வாட்ஸ் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு நிஜமான 5 வாட்ஸே தாராளம்.

பழைய டாக் வாங்கும்போது அதனுடைய அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். சில பெட்டிக்கு 15 வோல்ட், சிலதற்கு 18, அடாப்டரின் உருண்டை முனையில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்பதும் மாறும். வீட்டில் கிடந்த வேறு அடாப்டரைச் சொருகி போர்டு எரிந்து வந்தது இந்த வருஷம் மட்டும் நாலு.

பிளேயருக்கு வருவோம். 320 கே.பி.பி.எஸ். (ஒரு நொடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் எம்.பி.3 என்றால் ஐந்து நிமிஷப் பாட்டு சுமார் 12 எம்.பி., ஆகவே 32 ஜி.பி. கார்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு பாட்டு போல அடங்கும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். 512 ஜி.பி. கார்டு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் தொடாதீர்கள், உள்ளே 8 ஜி.பி. வைத்து 512 என்று காட்டும்படி மாற்றி எழுதியிருப்பார்கள், நிரம்பியதும் புதுப் பாட்டு பழையதை அழித்துக்கொண்டே போகும். குழந்தைகள் குரல் பதிவை இப்படித் தொலைத்துவிட்டு என் முன்னால் கண் கலங்கிய ஒரு அம்மாவுக்கு என்னால் எதுவும் மீட்டுத் தர முடியவில்லை. கார்டு வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவச மென்பொருளை வைத்து முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள், சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கேட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது அந்த ஸ்பீக்கருக்கு ஏற்றதாகப் பார்த்து வைத்தது. உங்களுக்கு மனப்பாடமான ஒன்றை எடுத்துப் போங்கள். மிருதங்கம் வரும் கச்சேரி இருந்தால் ரொம்ப நல்லது: இடப்பக்கத் தொப்பியின் கும்கி (வளைந்து வரும் கனத்த ஒலி) தனியாகவும் வலப்பக்க வலந்தலையின் நாதம் தனியாகவும் கேட்கிறதா, இல்லை எல்லாம் ஒரே டம் டம்மாக இருக்கிறதா என்று காது சொல்லிவிடும். அப்புறம் சத்தத்தை முக்கால்வாசி ஏற்றி, சார்ஜரைச் சொருகியபடியே ஆக்ஸில் ஓட விடுங்கள். தம்பூரா மாதிரி அடியில் ஒரு இரைச்சல் வந்தால் அது வீட்டிலும் வரும்.

கடைசியாக பேட்டரி. அடியில் ஸ்க்ரூ தெரிகிறதா, திறக்க முடியுமா என்று பாருங்கள், முழுக்க ஒட்டிவிட்ட பெட்டியில் முந்நூறு ரூபாய் செல்லை மாற்ற உடம்பையே உடைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரிக்கும் அடாப்டருக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடையது என்று காட்டும். ஏற்கனவே வீட்டில் உள்ள பிளேயர் நடுவில் உப்பிக்கொண்டு, மூடி தூக்கி நிற்கிறது என்றால் தயவுசெய்து சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு அப்படியே எடுத்து வாருங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போட வேண்டாம், லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.