இதயம் நின்றது இறப்புக்குக் காரணம் ஆகாது

சென்ற வாரம் என் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஒரு பெண், தம் தந்தையின் இறப்புக் காரணச் சான்றிதழின் நகலை என் முன் வைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி குடித்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் கடைசி ஆறு ஆண்டுகள் இன்ஹேலரின் துணையோடு மூச்சுவிட்டு, இறுதியில் நிமோனியா கண்டு வேறொரு மருத்துவமனையில் இறந்தவர் அவர். சான்றிதழில் இருந்ததோ 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்', அதாவது இதயமும் மூச்சும் நின்றன என்ற ஒற்றை வரி. ஆறு ஆண்டுகள் நான் பார்த்த நோய் அதில் எங்குமே இல்லை. இப்படிப்பட்ட சான்றிதழ்களைக் கண்டு நான் சலித்துப் போய்விட்டேன்.

இறக்கும் ஒவ்வொருவருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். பாம்புக் கடியில் இறந்தவருக்கும் நின்றது, புற்றுநோயில் இறந்தவருக்கும் நின்றது. அவர் இறந்துவிட்டார் என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. மாரடைப்பு வேறு; அது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடும் தனி நோய். துக்க வீட்டார் 'ஹார்ட் அட்டாக்' என்று ஊருக்குச் சொல்வதை நான் குறை கூறவில்லை. மருத்துவர் இதயம் நின்றதையே காரணமாக எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. இறந்த விதத்தை எழுதாதீர்கள், நோயை எழுதுங்கள் என்று இந்தச் சான்றிதழுக்கான படிவம் 4-இலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இவருக்கு முதல் வரியில் நிமோனியாவும், அதன் கீழே அதற்கு அடிப்படையான நுரையீரல் அடைப்பு நோயும், எதிரே ஒவ்வொன்றின் கால அளவும் வந்திருக்க வேண்டும். இளம் மருத்துவர்களே, இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்குத்தான் மருத்துவச் சான்று இருந்தது. அவற்றுள் இதய, ரத்தக்குழாய் நோய்களின் கணக்கில் சேர்ந்தவை 32.1 விழுக்காடு, மூச்சு மண்டல நோய்களின் கணக்கில் 10 விழுக்காடு. இதய நோய் இங்கே மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் நுரையீரல் நோயாளியின் சாவையும் இதயத்தின் பெயரில் எழுதும் பழக்கம் இருக்கும்வரை, இந்த எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு எது கூடியது, எது குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. விறகடுப்புப் புகையிலேயே வாழ்நாளைக் கழித்து, ஒருமுறைகூட மூச்சுத்திறன் பரிசோதனை செய்துகொள்ளாமல் இறந்துபோகும் பெண்கள் இந்தக் கணக்கில் எங்கே வருவார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

குடும்பத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் இறப்பு நேர்ந்தால், சான்று எழுத வரும் மருத்துவரிடம் பழைய சிகிச்சைக் கோப்பையும் இன்ஹேலரையும் காட்டுங்கள். மருத்துவமனையில் இறந்தால் காரணச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி அது கட்டணமின்றி உங்களுக்குத் தரப்பட வேண்டும். இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில், இறந்தவருக்குப் புகைப்பழக்கம் இருந்ததா, எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வி இருக்கிறது. அப்பாவின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி அங்கே 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.