புத்திமதிக்காக சிபிடிக்கு வராதீர்கள்

"மேடம், இவனுக்கு நாலு புத்திமதி சொல்லி அனுப்புங்க." சிபிடிக்கு (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சோதித்து மாற்றப் பழக்கும் மனநலப் பேச்சு சிகிச்சைக்கு) மகனைக் கூட்டிவந்த ஓர் அப்பா இந்த வாரமும் இதையேதான் சொன்னார். மகனுக்கு பேனிக் அட்டாக். பஸ் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவோமோ என்று பயந்து பாதி வழியில் இறங்கிவிடுகிறான். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். புத்திமதியில் தீர்கிற விஷயமென்றால் பெரியப்பா சொன்னபோதே தீர்ந்திருக்குமே!

'நல்லதையே நினை' என்று சொல்லி அனுப்புவதும் சிபிடி ஆகாது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. 1960-களில் இதை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் கெட்ட நினைப்பை விரட்டச் சொல்லவில்லை. அது உண்மைதானா என்று சோதிக்கச் சொன்னார். படபடத்தால் ஹார்ட் அட்டாக் வந்துவிடும் என்று ஒருவர் நூற்றுக்கு 90 நம்புகிறார் என்றால், "அப்படியெல்லாம் ஆகாது" என்று நான் தேற்றமாட்டேன். இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வேன். படபடக்கும். உட்கார்ந்து, அது தானாக அடங்குகிறதா என்று இருவரும் பார்ப்போம். இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள் என்று மறுபடி கேட்பேன். அப்புறம்தான் பஸ், அதுவும் முதலில் ஒரே ஒரு ஸ்டாப். ("பயந்த பிள்ளையை இன்னும் பயமுறுத்துறீங்களே" என்று என்னோடு சண்டை போட்ட அம்மாக்கள் உண்டு.)

வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பலருக்கு 6 முதல் 20 அமர்வுகள் ஆகும். மீதி வேலை வீட்டில். என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, பயம் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வர வேண்டும். வெறும் நோட்டோடு வந்து "ஒண்ணும் சரியாகல மேடம்" என்றால் நான் என்ன செய்ய?

முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்காகப் பாதியில் ஓடாதீர்கள். மனநல மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவே கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எப்போதும் பேசலாம்.

பெற்றோரே, தைரியத்துக்கு என்று பஸ்ஸில் கூடவே போய்க் காவல் நிற்காதீர்கள். 'அம்மா இருந்ததால்தான் பிழைத்தேன்' என்றே அவன் மனசு கணக்குப் போடும். இன்னொன்று, தயவுசெய்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே "உள்ள என்னடா பேசினே?" என்று அவனைக் குடையாதீர்கள்.