அடாப்டிவ் ஆப்டிக்ஸ்: 'தழுவல்' பொருந்துமா?

தொலைநோக்கியின் ஆடியை வளைத்துப் படத்தைத் தெளிவாக்கும் உத்திகளில் ஒன்றான அடாப்டிவ் ஆப்டிக்ஸைத் 'தழுவல் ஒளியியல்' என்று எழுதுவதை மறுபடியும் பார்த்துவிட்டேன். இந்த முறை துணைக்கு, அவற்றில் இன்னொன்றான ஆக்டிவ் ஆப்டிக்ஸும் 'செயலில் உள்ள ஒளியியல்' ஆகியிருந்தது.

லத்தீனில் 'ஆப்டுஸ்' என்றால் தக்கது, பொருந்துவது. அடாப்ட் அதிலிருந்து வந்தது. ஆக்டிவ் என்ற சொல்லுக்கு வேர் 'அகெரெ', அதாவது இயக்கு, செய். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

தழுவல் நல்ல சொல்தான். நாவலைத் தழுவிப் படம் எடுத்தால் மூலத்தின் சாயல் படத்தில் இருக்கும். சரி, தொலைநோக்கியில் எது மூலம், எது சாயல்? விண்மீனின் ஒளி நம் காற்றுமண்டலத்தின் கொந்தளிப்பைக் கடந்து வரும்போது அதன் அலைமுகம், அதாவது ஒளியலையின் முன்பரப்பு, நெளிந்துவிடுகிறது. அந்த நெளிவை அளந்து, மெல்லிய ஆடி ஒன்றை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைத்து, ஒளியைச் சீராக்குகிறார்கள். அமெரிக்க வானியலாளர் ஹோரஸ் பாப்காக் 1953-லேயே முன்வைத்த யோசனை இது. ஆடி இங்கே நெளிவை ஏற்றுக்கொள்ளவில்லை, நெளிவுக்குத் தக்கபடி தன்னை அமைத்து அதை ஒழிக்கிறது. 'தக்கபடி அமைத்தல்' என்று சொல்லும்போதே சொல் கிடைத்துவிடுகிறது: தகவமை ஒளியியல். தகவு என்றால் பொருத்தம், லத்தீன் வேரின் பொருளும் அதுவே. தகவமைப்பு உயிரியல் சொல் ஆயிற்றே என்று சிலர் தயங்குகிறார்கள். இருளுக்குக் கண் பழகுவதும் தகவமைப்புதான், அதற்குத் தலைமுறைகள் ஆவதில்லை.

'செயலில் உள்ள' இன்னும் மோசம். அதைப் படிப்பவர், பழுதாகாமல் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கருவி என்றுதான் புரிந்துகொள்வார். ஆக்டிவ் ஆப்டிக்ஸுக்குக் காற்றுமண்டலத்தோடு வேலை இல்லை. சிலியில் உள்ள விஎல்டி (வெரி லார்ஜ் டெலஸ்கோப்) தொலைநோக்கிகளின் முதன்மை ஆடி 8.2 மீட்டர் அகலம், ஆனால் தடிமன் 17.5 சென்டிமீட்டர்தான். தொலைநோக்கி சாயும்போது ஆடி தன் எடையாலேயே வளையும், வெப்பநிலை மாறினாலும் வடிவம் கெடும். அடியில் உள்ள 150 தாங்கிகள் கணினி சொல்கிறபடி தள்ளியும் இழுத்தும் அதைச் சரியான வடிவத்தில் வைக்கின்றன. நிதானமான வேலை இது. ஆடியைத் தாங்கிகள் இயக்குவதால் 'இயக்கு ஒளியியல்' என்பேன்.

இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்பாரும் உண்டு. அவர்கள் யெபூனைப் பார்க்க வேண்டும், விஎல்டியின் நான்காவது தொலைநோக்கி அது. அடியில் முதன்மை ஆடியை 150 தாங்கிகள் மெதுவாகத் திருத்துகின்றன. மேலே 1.1 மீட்டர் அகலத் துணை ஆடியை 1170 இயக்கிகள் படுவேகமாக நெளிக்கின்றன. ஒரே ஒளி இரண்டிலும் பட்டு வருகிறது. ஒரே பெயர் வைத்தால் எந்த ஆடி எதைத் திருத்துகிறது என்று எப்படி எழுதுவது?

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிடும் பழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். மொழிபெயர்க்கும் முன் அந்த ஆடி என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடம் படித்திருந்தால் 'தழுவல்' கைக்கே வந்திருக்காது.