குப்பியில் 20 யூனிட், உடம்பில் எத்தனை?

கிளினிக்கில் சீனி கூடிப்போயிருந்தால் அடுத்த மாதத்துக்கு இன்சுலினைக் கூட்டி எழுதுவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி நெரிசலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது: குப்பியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஒரு மருந்தின் பாதி அதன் இரசாயனம். மறுபாதி, அதை உரிய இடத்துக்கு உரிய வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வடிவம். மருந்தகத் துறை ஆய்வாளர்களில் ஒரு சாரார் அந்த வடிவத்தை ஆய்வுகூடத்தில் உருவாக்குகிறார்கள். இன்னொரு சாரார் அது நோயாளியின் கையில் என்ன பாடு படுகிறது என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டாவது வேலைக்குத் திருகோணமலை நல்ல இடம். ஒரு பக்கம் கடற்கரையின் ஈரப்பதம், மறுபக்கம் மே தொடங்கி ஆகஸ்ட் வரை அடிக்கும் கச்சான் என்ற வறண்ட காற்று. புல்மோட்டையிலும் வெருகலிலும் இருந்து ஒரு மாத மருந்துக்காக பஸ்ஸில் வந்து போகும் தூரம் வேறு. பெட்டியில் எழுதியிருக்கும் களஞ்சிய நிபந்தனைகள் இவை எல்லாவற்றோடும் முட்டுகின்றன.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில், அதாவது பிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்க வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே சூடு ஏறும். பின்சுவரில் முட்டவும் விடக்கூடாது. ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்தால் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் பழையபடி ஆகாது, அதை எறிந்துவிட வேண்டியதுதான். சூட்டில் கெட்டது இன்னும் மோசம், ஏனென்றால் பார்வைக்குப் பல வேளை ஒன்றுமே தெரியாது.

பாவிக்கத் தொடங்கிய குப்பியை 25 முதல் 30 பாகைக்குள் வெளியே வைக்கலாம். பெரும்பாலான இன்சுலினுக்கு இந்தக் காலம் 28 நாள். சிலவற்றுக்கு இதைவிடக் கூட, சில பேனா வகைகளுக்குக் குறைவு, எனவே பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்க்க வேண்டும். 10 மில்லிலீற்றர் குப்பியில் 1000 யூனிட் இருக்கும். காலை 20, இரவு 10 போடுபவருக்கு அது 33 நாள் வரும், பெரிய பாதகமில்லை, கடைசி ஐந்து நாளுக்குப் புதுக் குப்பி திறந்தால் முடிந்தது. ஒரு நாளைக்கு 12 யூனிட் மட்டும் போடுபவருக்கோ அதே குப்பி 83 நாள் ஓடும். மிச்சம் இருக்கிறதே என்று மூன்றாம் மாதமும் அதிலேயே ஏற்றுகிறார்கள், சீனி ஏன் இறங்கவில்லை என்று யோசிக்கிறார்கள். திறந்த நாளைப் பேனையால் லேபலில் எழுதி வைப்பதற்கு ஐந்து ரூபாயும் செலவில்லை.

பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை போதும். அகன்ற பானைக்குள் ஈரமணல் போட்டு, அதன்மேல் சிறு முட்டியை வைத்து, குப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி முட்டிக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடி, நிழலும் காற்றும் உள்ள மூலையில் வையுங்கள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் குளிர்ச்சி. வெயில் உச்சியில் நிற்கும் கச்சான் மாதங்களில்தான் பானை நன்றாக வேலை செய்யும் என்பது எங்கள் அதிர்ஷ்டம். மார்கழி மழையில் அது அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது தேவையும் குறைவு. திறக்காத குப்பிகளை மாதக்கணக்கில் இதில் அடுக்கி வைக்கக் கூடாது. அவற்றுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும், பானை அவ்வளவு இறங்காது.

மீனுக்குக் கொண்டுபோகும் ரிஜிபோம் பெட்டியில் ஐஸோடு இன்சுலினையும் போடும் வழக்கம் கரையோரத்தில் இருக்கிறது. ஐஸில் உப்போ கடல் நீரோ கலந்தால் அது பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், குப்பி உறையும். குப்பியைத் தடித்த துணியில் சுற்றி, ஐஸில் நேரே படாமல் வைக்க வேண்டும். கிளினிக்கிலிருந்து வீடு திரும்பும் வழிக்கு ஈரத்துணியில் சுற்றிய பை போதுமானது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலும், நிறுத்தி வைத்த ஓட்டோவின் முன்பக்கத்திலும் வைப்பதுதான் ஆபத்து. கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் நான்கு மணித்தியாலமளவு குளிரைத் தாங்கும்.

கலங்கிய இன்சுலின், அதாவது 30/70 போன்ற கலவை, பால் மாதிரி இருக்க வேண்டும். அந்த வெண்மைக்குக் காரணம் புரோட்டமின் என்ற புரதம். அதை முதலில் பிரித்தெடுத்தது மீனின் விந்திலிருந்து, மீன்பிடி ஊருக்கு இது சுவையான செய்தியாக இருக்கலாம். அது இன்சுலினைப் பற்றிப் பிடித்து மெதுவாக விடுகிறது. குப்பி அசையாமல் இருந்தால் அடியில் படியும். மேல்நீரை மட்டும் ஏற்றினால் ஒரு நாள் ஒரு அளவு, மறுநாள் இன்னொரு அளவு என்று ஆகிவிடும். உள்ளங்கைகளுக்கிடையில் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை தலைகீழாக்கிச் சரிக்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும், நுரையோடு காற்றும் ஏறும். உருட்டிய பிறகும் கட்டியோ, கண்ணாடியில் பனி படிந்த மாதிரித் திட்டோ தெரிந்தால் எறியுங்கள். தெளிவான இன்சுலின் இதற்கு நேர்மாறு: தண்ணீர் போல இருக்க வேண்டும், கலங்கினால் எறிய வேண்டும்.

இன்னொரு ஆபத்து இந்தியாவுக்கு யாத்திரை போய் வருபவர்களின் பையோடு வருகிறது. அங்கே ஒரு மில்லிலீற்றரில் 40 யூனிட் கொண்ட குப்பியும் அதற்கென்று தனிச் சிரிஞ்சும் உண்டு. இங்கே கிடைப்பது 100. நூறின் இன்சுலினை நாற்பதின் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை ஏற்றினால் உடம்புக்குப் போவது 50 யூனிட், அது ஆளையே சாய்த்துவிடும். நாற்பதின் இன்சுலினை நூறின் சிரிஞ்சில் 20 வரை ஏற்றினால் போவது வெறும் 8. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு விநாடி வேலை. ஊசி போடும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வயிற்றில் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வரும், அங்கே நோகாது, அதனால்தான் பலர் அதையே தேடிப் போகிறார்கள். கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது இரத்தத்துக்கு வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

முட்டு வருத்தத்துக்கான இன்ஹேலரின் கதை வேறு. அழுத்தினால் தெறிக்கும் இன்ஹேலர் 1956 இல் சந்தைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை தீராத சிக்கல் கையும் மூச்சும் ஒத்துப்போவதுதான். சரியாக இழுத்தாலும் நுரையீரலுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ, மிச்சம் தொண்டையில் ஒட்டி விழுங்கப்படும். துகள் 1 முதல் 5 மைக்ரோன் பருமனாக இருந்தால்தான் சிறு காற்றுக் குழாய்கள் வரை இறங்கும். வேகமாக இழுத்தால் நல்ல துகளும் தொண்டையில் மோதிவிடும். ஆகவே குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்தி, நான்கைந்து விநாடி தொடர்ந்து இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். இரண்டாவது அழுத்தலுக்கு முன் அரை நிமிடமாவது பொறுங்கள். ஸ்டெரொயிட் இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும்.

கப்சியூலைத் துளைத்து இழுக்கும் தூள் வகைக்கு எல்லாமே நேரெதிர். அங்கே தெறிக்க வைக்க வாயு இல்லை. உங்கள் மூச்சின் வேகம்தான் தூளை உடைக்க வேண்டும், வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டு வகையும் கொடுக்கப்பட்டவர்கள் முறையை மாற்றிப் போடுவது மிகச் சாதாரணம். கப்சியூலை விழுங்கிவிடுபவர்களும் உண்டு, குளிசைதானே என்று. இந்தத் தூள் ஈரத்தை இழுக்கும். நிலாவெளிக் கடற்காற்றில் கப்சியூலை அதன் அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்துப் போத்தலில் போட்டு வைத்தால் தூள் கட்டியாகி கப்சியூலோடு ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் வராது. இழுக்கும் நேரத்துக்கு மட்டும் பிரியுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் கூடு, வேண்டும். வாங்க வசதியில்லாத இடத்தில் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் நல்ல மாற்று. தென்னாபிரிக்காவில் நடந்து 1999 இல் வெளியான ஓர் ஆய்வு, அடைப்புச் சரியாக இருந்தால் இது கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று காட்டியது. கம்பியை இன்ஹேலர் வாயின் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி, போத்தலின் அடியில் அழுத்தித் துளை எடுத்து, இன்ஹேலரைச் செருகி, இடைவெளியைப் பசையால் அடைக்க வேண்டும். அழுத்துவது ஒரு தடவைக்கு ஒன்றுதான். பிள்ளை போத்தல் கழுத்தில் வாய் வைத்து ஐந்தாறு தடவை சாதாரணமாக மூச்சு விடட்டும். முன்னதாகச் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்தை உள்சுவரிலேயே பிடித்துவிடும். கைக்குழந்தைக்கு முகமூடியோடு கூடிய ஸ்பேசர்தான் சரி.

டின்னில் எவ்வளவு மிச்சம் என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தை விடுங்கள், அது சரியான விடை தராது. 200 தடவைக்கான இன்ஹேலரைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று பாவித்தால் ஐம்பது நாள். கலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு இன்ஹேலரையும் கொண்டுபோய், மருந்தாளருக்கு முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.

நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜிரிஎன் குளிசை பற்றி ஒரு எச்சரிக்கை. அது தானாகவே ஆவியாகும் மருந்து. பொலித்தீனும் பஞ்சும் அதை உறிஞ்சிக்கொள்ளும். கடதாசி உறையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு மணிபேர்சில் கொண்டு திரிந்தால், தேவைப்படும் நாளில் நாக்கின் கீழ் கரைவது வெறும் மாவாகக்கூட இருக்கலாம். வந்த கபிலநிறக் கண்ணாடிப் போத்தலிலேயே, மூடியை இறுக்கி வையுங்கள், திறந்து எட்டுக் கிழமையில் மாற்றுங்கள். விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும், அதனால்தான் நாக்கின் கீழ். இருந்துகொண்டு வையுங்கள், நின்றால் தலைசுற்றும். முதல் குளிசைக்கு ஐந்து நிமிடத்தில் நோவு அடங்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். காத்திருக்கும்போது ஐந்து நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்று வரை வைக்கலாம். சில்டெனபில் போன்ற ஆண்மைக் குளிசை எடுத்தவர் அடுத்த 24 மணித்தியாலத்துக்கும், ரடலாபில் என்றால் 48 மணித்தியாலத்துக்கும் இதை வைக்கக் கூடாது. வெட்கப்பட்டு மறைத்தால் பிரஷர் அடியோடு விழும்.

கடைசியாக, பொடித்துக் கொடுப்பது. விழுங்க முடியாத முதியவருக்குக் குளிசையை அம்மியில் நசுக்கிக் கஞ்சியில் கலப்பது வீட்டாரின் அன்பு. ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எம்ஆர் என்று இருந்தால் அது 12 அல்லது 24 மணித்தியாலத்துக்கு மெதுவாக விடும் அமைப்பு. நிபெடிபின் எஸ்ஆரைப் பொடித்தால் அரை நாளைக்குரிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கும், பிரஷர் சரிந்து ஆள் விழுவார். ஒமிப்ரசோல் கப்சியூலைத் திறக்கலாம், உள்ளிருக்கும் சிறு மணிகளை மெல்லாமல் விழுங்க வேண்டும். மணியை நசுக்கினால் இரைப்பை அமிலம் அதைக் கெடுத்துவிடும். பொடிக்கக் கூடாத குளிசைக்குப் பதிலாகப் பாணியோ சாதாரணக் குளிசையோ பெரும்பாலும் கிடைக்கும். பாமசியில் கேட்டு, வைத்தியரிடம் மாற்றி எழுதச் சொல்லுங்கள். மெட்போர்மின் எக்ஸ்ஆர் எடுப்பவர்கள் மலத்தில் முழுக் குளிசை மாதிரி ஒன்றைக் கண்டு பயந்து வருவதுண்டு. அது வெறும் கோது. மருந்து அதிலிருந்து கசிந்து உடம்புக்குள் போய்விட்டது, ஈடுசெய்ய இன்னொன்று எடுக்க வேண்டாம்.