வலை வாங்கித் தரும் சில விநாடிகள்

சிலந்தி வலை என்றதும் நம் நினைவுக்கு வருவது பசைதான். பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும், சிலந்தி வந்து தின்னும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மாலை நேரம் சன்னல் ஓரத்து வலையில் ஒரு வண்டு மோதியது. கொஞ்ச நேரம் தொங்கியது, உதறியது, பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. சிலந்தி அப்போது பாதி வழிதான் வந்திருந்தது.

வலையில் மோதும் பூச்சிகளில் பல இப்படித் தப்பிவிடுகின்றன. பசை பூச்சியைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் சில விநாடிகளுக்குத்தான். அதற்குள் சிலந்தி போய்ச் சேர வேண்டும். வலையின் ஒவ்வொரு இழையும் அந்த விநாடிகளை நீட்டுவதற்காகவோ, சிலந்தியின் ஓட்டத்தைச் சுருக்குவதற்காகவோ இருக்கிறது. இது பிடிபட்ட பிறகுதான் எனக்கு வலையைப் பார்க்கவே தெரிந்தது.

முதலில் பூச்சியை நிறுத்த வேண்டும். தோட்டத்தில் காணும் வட்ட வலை ஒன்றில் இருபது மீட்டர் அளவுக்கு இழை இருக்கலாம். அத்தனைக்கும் சேர்த்து எடை ஒரு மில்லிகிராம்கூட வராது. அதன்மீது முழு வேகத்தில் ஒரு ஈ வந்து மோதுகிறது. இழை விறைப்பாக இருந்தால் அறுந்துவிடும். ரப்பர் போலத் துள்ளினால் ஈயை வந்த வழியே எறிந்துவிடும். அதனால் சிலந்தி இரண்டு விதமான இழைகளைக் கலந்து பின்னுகிறது. நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல விரியும் இழைகள் உறுதியானவை. அளவாகத்தான் நீளும், நீளும்போதே மோதலின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். அவற்றின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் சுருள் இழையோ தன் நீளத்தைப் போல் மூன்று மடங்குவரை இழுபடக்கூடியது. ஈ போய் மோதும் இடம் குழியாக உள்வாங்கும், ஆனால் திருப்பி உதைக்காது.

பல சிலந்திகள் இந்த வலையை இருட்டில், காலால் தடவித் தடவியே கட்டி முடிக்கின்றன. முதலில் காற்றில் ஓர் இழையை மிதக்க விடும். அது எதிரே ஏதாவது கிளையில் சிக்கினால் பாலம் தயார். பாலத்தின் நடுவில் தளர்வாக ஓர் இழையைக் கட்டி, அதிலிருந்து கீழே இறங்கி முடிச்சிட்டால் கவட்டை போன்ற வடிவம் கிடைக்கும். கவை பிரியும் இடம்தான் வலையின் மையம். பிறகு ஆரங்கள். அப்புறம் பசையில்லாத ஒரு தற்காலிகச் சுருள். கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி அது. அதன் மேல் நடந்தபடியே, வெளியிலிருந்து உள்நோக்கிப் பசைச் சுருளைப் போட்டுக்கொண்டே சாரத்தைப் பிரித்துவிடும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வட்ட வலை கட்டும் பெண் சிலந்தியின் வயிற்றில் ஏழு வகைச் சுரப்பிகள் உள்ளன. சட்டத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று, பசைக்கு ஒன்று, முடிச்சிட ஒன்று, இரையைச் சுற்றிக்கட்ட ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை.

பசைக்கு வருவோம், என்னை மிகவும் மயக்கியது அதுதான். சிலந்தி பசையைச் சொட்டுச் சொட்டாக வைப்பதில்லை. இழை முழுக்க ஒரே சீராகப் பூசிவிட்டுப் போகிறது. குழாயிலிருந்து மெல்லிதாக விழும் நீர்த்தாரை தானாகவே துளிகளாக உடைகிறதே, அதே பரப்பு இழுவிசைதான் இந்தப் பூச்சையும் மணிமணியாகத் திரட்டிவிடுகிறது. ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒட்டும் புரதம், சுற்றிலும் உப்புகள் கரைந்த நீர். அந்த உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் பசை காய்வதில்லை. அந்த ஈரம்தான் உள்ளே ஓடும் இழையையும் இளக வைக்கிறது. காய்ந்துபோனால் அந்த நீட்சியெல்லாம் போய்விடும். இன்னொரு வேலையும் இந்தத் துளிகள் செய்கின்றன. இழை தளர்ந்தால் மிச்ச நீளத்தைத் துளி தனக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறது. இழுத்தால் அவிழ்த்து விடுகிறது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. அதனால்தான் காற்றில் இவ்வளவு ஆடியும் வலை தொய்வதில்லை. பூச்சி உதறும்போது துளிகள் உடனே விட்டுவிடுவதும் இல்லை. தொங்குபாலத்தின் கம்பிகள் போல ஒவ்வொன்றும் நீண்டு, பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

இத்தனையையும் அந்துப்பூச்சி ஏமாற்றிவிடும். அதன் சிறகு முழுக்கப் பொடிபோன்ற செதில்கள். பசையில் ஒட்டுவது செதில்தான். அதை உதிர்த்துவிட்டு உடம்பு தப்பிவிடும். நியூ கினியிலும் அமெரிக்க வெப்பமண்டலப் பகுதிகளிலும் சில சிலந்திகள் இதற்காகவே ஏணிபோல நெட்டையான வலை கட்டுகின்றன. அந்துப்பூச்சி மோதி, நழுவி, மறுபடி ஒட்டி, ஒவ்வொரு முறையும் செதில்களை இழந்துகொண்டே கீழே உருள்கிறது. உதிர்க்கச் செதில் இல்லாமல் போகும் இடத்தில் நிற்கிறது.

சரி, பூச்சி மாட்டிவிட்டது என்று சிலந்திக்கு எப்படித் தெரியும்? எட்டுக் கண்கள் இருந்தும் வலைகட்டும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பார்வை மங்கல். கால்தான் காது. மையத்தில் உட்கார்ந்து எட்டுக் கால்களையும் ஆரங்களின்மேல் வைத்திருக்கும். கால்களின் மூட்டுகளுக்கு அருகே நுண்ணிய கீறல்கள் வரிசையாக உள்ளன; அதிர்வில் காலின் மேலோடு மிகச் சிறிதளவு வளைந்தாலும் அவை உணர்ந்துவிடும். எந்தக் கால் அதிகம் அதிர்கிறதோ அந்தத் திசையில் இரை. காற்று ஆட்டுவது வேறு, ஈ துடிப்பது வேறு என்று அதற்குத் தெரியும். இரை அசையாமல் கிடந்தால் ஆரங்களைச் சுண்டிப் பார்த்து, எங்கே பாரம் தொங்குகிறது என்று கண்டுபிடிக்கும். 1880-இல் சார்லஸ் வெர்னான் பாய்ஸ் என்ற ஆங்கில இயற்பியலாளர், அதிரும் இசைக்கவையை வலையில் தொட்டுப் பார்த்தார். சிலந்தி இரை என்று நம்பி அதைத் தேடி ஓடி வந்தது.

பல சிலந்திகள் தலைகீழாக உட்காருவதற்கும் இந்த அவசரமே காரணம் என்று சொல்லலாம். மேலே ஏறுவதைவிடக் கீழே வேகமாக ஓடலாம். அதனால் வலையின் கீழ்ப்பாதிதான் பெரும்பாலும் அகலமாக இருக்கும். போய்ச் சேர்ந்த பிறகும் நேரக் கணக்கு உண்டு. கொட்டக்கூடிய, உதைக்கக்கூடிய பூச்சியைச் சில சிலந்திகள் தள்ளி நின்றே பட்டுப் பட்டையால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் கடிக்கும். அந்துப்பூச்சி என்றால் முதலில் கடி, பிறகுதான் கட்டு. தாமதித்தால் ஓடிவிடுமே!

பசையே இல்லாமல் பிடிப்பவையும் உண்டு. ஒருவகைச் சிலந்திகள் பின்காலில் உள்ள சீப்பால் இழையைச் சிக்கெடுத்து, முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நார்களாகப் பஞ்சுபோல் ஆக்குகின்றன. பூச்சியின் தோல்மேல் உள்ள மெழுகு அந்தப் பஞ்சுக்குள் ஊறி, பூச்சியின் மெழுகே அதைச் சிக்கவைக்கிறது. வீட்டு மூலையில் ஒட்டடையாகக் கிடக்கும் தாறுமாறான வலையும் குப்பை அல்ல. அதிலிருந்து தரைக்கு விறைப்பாக இறங்கும் சில இழைகளின் அடியில் மட்டும் பசை இருக்கும், தரையோடு பிடிப்பு லேசாகவே இருக்கும். எறும்பு தொட்டதும் இழை தரையிலிருந்து பிய்ந்து சுருங்கி, எறும்பை அந்தரத்தில் தூக்கிவிடும். காலுக்குப் பிடிமானம் இல்லாமல் போனபின் அது எவ்வளவு உதறினாலும் பயனில்லை.

அந்த வண்டு கிழித்துவிட்டுப் போன வலை மறுநாள் அங்கே இல்லை. தோட்டச் சிலந்திகள் பழைய வலையைச் சுருட்டித் தின்றுவிடுகின்றன. கதிரியக்க அடையாளமிட்ட புரதத்தைக் கொண்டு சோதித்தபோது, தின்ற பட்டின் பெரும்பகுதி அரை மணி நேரத்திலேயே புதிய இழையாக வெளிவரத் தொடங்கியது தெரிந்தது. சன்னல் ஓரத்தில் அதே இடத்தில் மறுபடி ஒரு வலை நின்றது. ஓட்டை இல்லை, துளிகள் ஈரமாக இருந்தன, சிலந்தி தலைகீழாக உட்கார்ந்திருந்தது.